சப்பாத்துக் கழற்ற ஒரு வாங்கு

அந்த மனிதர் என் முன்னால் முழங்காலூன்றி இருந்து, அளவு நாடாவின் ஒரு நுனியை என் குதிக்காலில் பிடித்தார். மறு நுனியை முழங்கால் மடிப்பு வரை இழுத்தார். "நாப்பத்தி மூண்டு," என்றார். பக்கத்தில் கொப்பியோடு நின்ற என் மகள் அபி அதை எழுதிக்கொண்டாள்.

எனக்குக் கோபம் வந்தது.

ஒஸ்லோவின் பியோர்ண்டாலில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடக்கும் பாடசாலை மண்டபம் அது. பிள்ளைகள் வகுப்பறைகளுக்குள் ஆத்திசூடியைக் கடித்துத் துப்பிக்கொண்டிருக்க, பெற்றோர் மண்டபத்தில் கோப்பியும் வடையுமாக ஊர்வம்பு கதைப்பது வழக்கம். அன்று வம்பை நிறுத்திவிட்டு எல்லோரும் வரிசையாகக் கதிரைகளில் இருந்து காலை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இந்தாளுக்கு என்ன, தையல்கடை போடுற எண்ணமோ?" என்று ஒருவர் கேட்டார்.

"தையல்கடையெண்டால் உன்ரை வயித்தையெல்லோ முதல் அளந்திருப்பார்," என்றார் மற்றவர். மண்டபம் சிரித்தது. அளந்தவரும் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. உலகத்தில் எத்தனையோ பேர் இருக்க, இந்த மனிதரிடம் காலைக் கொடுத்துவிட்டு இருக்க வேண்டி வந்ததே என்பதுதான் என் எரிச்சல். மகள் பார்த்துக்கொண்டு நின்றதால் மட்டுமே காலை இழுத்துக்கொள்ளாமல் இருந்தேன். அந்தக் கோபம் ஏன், அந்த அளவு எதற்கு என்ற இரண்டையும் இந்தக் கிழமைத் தொடரில் சொல்லிவிடுகிறேன்.

பதுங்குகுழியும் குளியலறையும்

அவர் பெயர் குணசீலன். எல்லோருக்கும் சீலன். இலங்கையின் தெற்கில் கட்டிடக்கலை படித்துக்கொண்டிருந்தவர், கடைசிப் பரீட்சைக்குச் சில மாதங்கள் இருக்கையில் வரைபலகையை மடித்து வைத்துவிட்டு ஊருக்குப் போய் இயக்கத்தில் சேர்ந்தார். துவக்கும் தூக்கினார், பதுங்குகுழிகளும் கீறிக் கொடுத்தார். சில வருடங்களின் பின் அதிலிருந்து விலகி, நாலைந்து நாடுகள் தாண்டி ஒஸ்லோவுக்கு வந்து, விட்ட படிப்பை இங்கே முடித்தார்.

இங்கே ஒரு கட்டிடக்கலை அலுவலகத்தில் அவருக்குக் கிடைத்த வேலை முதியோர் இல்லங்களுக்குக் குளியலறை வரைவது. மலகூடத்துக்குப் பக்கத்தில் கைபிடி எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று தெரியாமல் கேட்டுவிட்டீர்களோ, அரை மணித்தியாலம் போய்விடும். "சண்டையிலை பங்கர் கீறினனான், சமாதானத்திலை கக்கூசு கீறுறன்," என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

ஒரு குண்டுவெடிப்பில் அவருக்கு இடது காது போய்விட்டது. வலது பக்கம் இருந்தால்தான் அவரோடு கதைக்கலாம். ஒஸ்லோத் தமிழர் ஒருவரை ஒருவர் தவிர்க்க முடியாது. கலியாணம், பூப்புனித நீராட்டு, செத்தவீடு என்று எப்படியும் ஒரே மேசைக்கு வந்துவிடுவோம். அப்படி வந்தால் நான் பார்த்துப் பார்த்து அவருடைய செவிட்டுக் காதுப் பக்கமாகப் போய் இருப்பேன். பல வருடங்கள் அந்த ஏற்பாடு நன்றாகவே வேலை செய்தது.

பாட்ஸ்பியோர்ட்டில் ஒரு கடிதம்

எனக்கு ஒரே ஒரு தம்பி, ரவி. அவன் வேறோர் இயக்கத்தில் இருந்தான். சின்ன இயக்கம். இயக்கங்கள் ஒன்றையொன்று தின்ற காலத்தில், ஒரு முற்பகல், சீலன் பிறகு போய்ச் சேர்ந்த இயக்கத்தின் ஆட்கள் எங்கள் வீட்டுக்கு வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அம்மா அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாவாம். மூன்றாம் நாள் உடலைக் கொடுத்தார்கள். அவனுக்குப் பத்தொன்பது வயது.

நான் அப்போது நோர்வேயின் வடக்கே, பாட்ஸ்பியோர்ட்டில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். அந்தத் தொழிற்சாலையின் மணத்தைப் பற்றி இந்தத் தொடரில் போதுமான அளவு எழுதிவிட்டேன். சாப்பிட்டுக்கொண்டே வாசிக்கிறோம், கொஞ்சம் குறையுங்கள் என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். ஆகவே மணம் வேண்டாம், கடிதத்தை மட்டும் சொல்கிறேன்.

ஐந்து கிழமை பிந்தி வந்த கடிதம். உடுப்பு மாற்றும் அறையில் சுவரோடு ஒரு நீள வாங்கு இருந்தது. தமிழ்நாட்டு வாசகர்கள் பெஞ்ச் என்பதை நாங்கள் வாங்கு என்போம். அதில் இருந்து கடிதத்தை வாசித்தேன். வாசித்து முடிந்ததும் எழும்பி வீட்டுக்குப் போக வேண்டும். ஆனால் காலில் இருந்த வெள்ளை ரப்பர்ச் சப்பாத்தைக் கழற்ற எனக்குக் கை வரவில்லை.

எங்கள் பகுதிக்குப் பொறுப்பான நோர்வேப் பெண் உள்ளே வந்தா. ஒரு நாளைக்கு நாலு தரமாவது என் மீன் துண்டு தடிப்பு என்று திட்டுபவ. என்னைப் பார்த்தா, கடிதத்தைப் பார்த்தா, ஒரு சொல்லும் கேட்கவில்லை. குனிந்து என் சப்பாத்தை ஒவ்வொன்றாக இழுத்துக் கழற்றி, வாங்கின் கீழே சோடியாக வைத்துவிட்டுப் போனா.

ஒரு பக்கக் கதை. எங்களுக்கும் நோர்வேக்காரருக்கும் சாப்பாடு ஒத்துவராது, பேச்சு ஒத்துவராது, மீனைக்கூட இரண்டு பேரும் வேறு விதமாகத்தான் வெட்டுவோம். வாசலில் சப்பாத்தைக் கழற்றுவதில் மட்டும் அண்ணன் தம்பி. முதன்முதல் ஒரு நோர்வே வீட்டுக்கு விருந்துக்குப் போய், வாசலில் குவிந்து கிடந்த சப்பாத்துகளைக் கண்டபோதுதான் இந்த நாட்டில் காலம் தள்ளலாம் என்ற நம்பிக்கை எனக்கு வந்தது.

கேட்டது தூண், கிடைத்தது வாங்கு

பிறகு நான் ஒஸ்லோவுக்கு வந்து, தெருவுக்குக் கல் பதிக்கும் வேலை பழகி, லோறென்ஸ்கூக்கில் வீடும் வாங்கிவிட்டேன். இப்போது சொல்லும் கதை நடந்தது ஊரில் துவக்குகள் ஓய்ந்து, நோர்வேயின் அனுசரணையில் சமாதானப் பேச்சு நடந்த அந்தச் சில வருடங்களில். பஸ்ஸில் பக்கத்தில் இருக்கும் நோர்வேக்காரர்கூட எங்கள் நாட்டைப் பற்றி எங்களுக்கே விளக்கம் சொன்ன காலம்.

போரில் இறந்தவர்களுக்கு ஒஸ்லோவில் ஒரு நினைவிடம் வேண்டும் என்று ஒரு குழு தொடங்கியது. தலைவர் சின்னராசா மாஸ்டர். ஊரில் எங்கள் பாடசாலையின் கணக்கு மாஸ்டர். எனக்கும் படிப்பித்தவர். அவருடைய ஒரே மகன், சீலன் இருந்த இயக்கத்தில் இருந்து சண்டையில் இறந்தவன். மாஸ்டர் ஒரு காரியத்தை எடுத்தால், கடைசி வரியில் விடை வந்து அதன் கீழே இரட்டைக் கோடு போடும்வரை விடமாட்டார்.

முதல் வேலையாக வீடு வீடாகப் போய்ப் பெயர் சேர்த்தார். எங்கள் வீட்டுக்கும் வந்தார். என் மனைவி மலர் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தார். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என்னிடம் தந்துவிட்டு, சுவரில் இருந்த கலண்டரை வாசிக்கத் தொடங்கினார். இறந்தவர் பெயர், ஊர், இயக்கம் என்று மூன்று கோடுகள். கடைசிக் கோட்டில் ஒரேயோர் இயக்கத்தின் பெயரை மட்டுமே எழுதலாம் என்று எல்லோருக்கும் தெரியும். நான் வெறுந்தாளைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதைப் பார்க்காமலே மடித்து வைத்துக்கொண்டு, "தேத்தண்ணி நல்லாயிருந்தது, பிள்ளை," என்று மலரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

நினைவிடத்தின் வடிவத்துக்கு ஆளுக்கொரு யோசனை. ஒருவருக்குத் தூண், ஒருவருக்குக் கோபுர வாசல், ஒருவருக்குத் தீப்பந்தம் பிடித்த கை. கடைசியில் தூணுக்கு விண்ணப்பம் போனது. பல மாதம் கழித்து நகரசபையின் பதில் வந்தது. மாஸ்டருக்கு வரும் நோர்வேக் கடிதங்களை வாசித்துக் கொடுப்பது அபி என்பதால், எங்கள் வீட்டு மேசையில் குழு முழுவதும் கூடியிருக்க, அவள் வாசித்தாள்.

"அவை ஓம் எண்டுதான் சொல்லியிருக்கினம்," என்றாள். "மயானத்தின்ரை கிழக்கு மூலை. எல்லாரும் பாவிக்கிற இடமெண்டபடியால் பேர் போடக் கூடாது, கொடி கூடாது, சின்னம் கூடாது. உயரமா ஒண்டும் கட்டக் கூடாது. முன்னாலை கொஞ்சம் கல் பதிக்கலாம். ஒரு வாங்கு வைக்கலாம்."

"வாங்கோ?" என்றார் மாஸ்டர். "ஒரு வாங்குக்கோ இவ்வளவு காலம் அலைஞ்சனாங்கள்?"

பெயர் கூடாது என்ற வரியைக் கேட்டு எனக்கு உள்ளுக்குள் சந்தோசமாகத்தான் இருந்தது. அதை மறைக்க வடையை வாயில் போட்டுக்கொண்டேன்.

அதுவரை வாய் திறக்காமல் மூலையில் இருந்த சீலன் சொன்னார்: "காணும் மாஸ்டர். வாங்கே போதும்."

அடுத்த கிழமை வரைபடத்தோடு வந்தார். நீளமான ஒரு கருங்கல் வாங்கு. அதன் முன்னால் கல் பதித்த ஒரு சிறு தளம். தளத்தின் மறு ஓரத்தில் விளக்கு வைக்க ஒரு வரிசைக் கல். அவ்வளவுதான்.

"எங்கடை சனம் விளக்கு வைக்கிற இடத்திலை சப்பாத்தோடை நிக்காது," என்றார். "கார்த்திகைக் குளிருக்கை போடுற கட்டுச் சப்பாத்தை நிண்டுகொண்டு கழட்டவும் ஏலாது. ஆரெண்டாலும் இருக்க வேணும். குனிய வேணும்."

"குனிஞ்சு?" என்றார் மாஸ்டர்.

"குனிஞ்சால் அஞ்சலி முடிஞ்சுது, மாஸ்டர்."

எனக்குப் பாட்ஸ்பியோர்ட் வாங்கும், அதன் கீழே சோடியாக இருந்த ரப்பர்ச் சப்பாத்தும் ஞாபகம் வந்தன. வராமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தேன். ஏனென்றால், கல்வேலையை யார் செய்வது என்ற பேச்சு வந்தபோது எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர்கள் போனதும் மலர், "நீங்கள் செய்யாட்டி வேறை ஆரும் செய்வினம். கோணலாச் செய்வினம். பேந்து சாகுமட்டும் அந்தக் கோணலைச் சொல்லிச் சொல்லி எங்களைக் கொல்லுவீங்கள்," என்றா. இத்தனை வருடம் கூட வாழ்ந்தவவிடம் வாதாடி என்ன பயன். ஒப்புக்கொண்டேன்.

அதன் பிறகுதான் அந்தக் கால் அளக்கும் கூத்து. கிழடு கட்டையும் எழும்ப வேண்டும், நெட்டையனும் குனிய வேண்டும், அதற்கு வாங்கு என்ன உயரம் என்று கண்டுபிடிக்க எங்கள் சனத்தின் கால்களையே அளந்தார் சீலன். எல்லாவற்றையும் கூட்டிப் பிரித்தபோது வந்தது நாற்பத்து மூன்று சென்ரிமீற்றர். இந்த ஊர்த் தமிழரின் சராசரிக் கால் என்னுடையது என்று மலர் இன்றைக்கும் விருந்தாளிகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறா.

சரளைக்குள் ஒரு கேள்வி

ஒஸ்லோவில் கல் பதிப்பவனுக்கு எதிரி ஒன்றுதான். இங்கே 'தேலே' என்பார்கள். களிமண்ணில் ஊறிய தண்ணீர் மாரியில் உறைந்து, நிலத்தையே மேலே தூக்கும். ஊரில் இரண்டு முழம் வெட்டினால் சுண்ணாம்புப் பாறை வந்துவிடும், அதன்மேல் எதையும் வைக்கலாம். இங்கே ஆழமாகத் தோண்டி, களிமண்ணை அள்ளிக் கொட்டிவிட்டு, தண்ணீர் நிற்காத உடைகல்லைப் போட்டு இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் மாசி பிறக்கும்போது உங்கள் கல் பல்லைக் காட்டும்.

இலை கொட்டத் தொடங்கிய நாட்களில் வேலையை ஆரம்பித்தேன். சனிக்கிழமைகளில் சீலன் சப்பாத்தும் கையுறையுமாக வந்துவிடுவார். நல்ல வேலையாள், ஆனால் மட்டப்பலகையை மூன்று தரம் வைத்துப் பார்க்கும் வியாதி உண்டு. நான் வைத்த கல்லை இன்னொருவன் மட்டம் பார்ப்பது எனக்குப் பிடிக்காது. அவர் பார்ப்பது இன்னும் பிடிக்கவில்லை.

ஒவ்வொரு சனியும் கணவரின் கல்லறைக்கு ஒரு நாயோடு வரும் நோர்வே அம்மா ஒருவர், என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். வாங்கு என்றேன். நல்லது, இந்தப் பக்கம் இருக்கவே இடமில்லை, என் முழங்கால் உங்களை வாழ்த்தும் என்றார். இந்த வேலையில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது.

ஒரு நாள் மதியம், உடைகல் குவியலில் இருந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தோம். நான் வழக்கம்போல அவருடைய இடது பக்கம். அவர் தானாக எழும்பி வந்து, வலது காது என் பக்கம் வருகிற மாதிரி மாறி இருந்தார். பிறகு தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"அங்கை எங்களுக்குச் சப்பாத்துத் தட்டுப்பாடு, தேவண்ணை. ஒரு பெடியன் செத்தால், புதைக்கிறதுக்கு முதல் சப்பாத்தைக் கழட்டி மற்றவனுக்குக் குடுக்கிறது. என்னோடை படுத்தெழும்பினவன் ஒருத்தன்ரையை நான்தான் கழட்டினனான். ஷெல் விழுந்துகொண்டிருந்தது. இருந்து ஆறுதலாக் கழட்ட நேரமில்லை. நிண்டபடி இழுத்தனான். பேந்து ரெண்டு வருசம் அதைத்தான் போட்டுக்கொண்டு திரிஞ்சனான். எனக்குப் பெரிசு. முன்னுக்குச் சீலை அடைஞ்சு போட்டனான்."

எனக்கு மனம் இளகியது. இளகியதே கோபமாகவும் வந்தது. கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, இருபது வருடமாகத் தொண்டையில் இருந்ததைக் கேட்டேன்.

"சீலன், நீங்கள் எந்த வருசம் அங்கை சேர்ந்தனீங்கள்?"

அவர் வருடத்தைச் சொன்னார். நான் மனதுக்குள் எண்ணினேன். ரவி போய் இரண்டு வருடத்துக்குப் பிறகு. நான் எண்ணி முடிக்கும்வரை அவர் பொறுத்திருந்தார்.

"உங்கடை தம்பியின்ரை கதை எனக்குத் தெரியும், அண்ணை. நான் அப்ப அங்கை இல்லை. ஆனா இருந்திருந்தால் நிப்பாட்டியிருப்பன் எண்டு உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டன். அந்த வயதிலை நான் நிப்பாட்டியிருக்க மாட்டன்."

பக்கத்தில் கல் அள்ளும் சவள் கிடந்தது. அதால் அவருக்கு ஒன்று போட வேண்டும் போல இருந்தது உண்மை. இருபது வருடத்தில் ரவியைப் பற்றி என்னிடம் நேராகக் கதைத்த முதல் ஆள் இவர்தான் என்பதும் உண்மை. மற்றவர்கள் எல்லோரும் 'அந்தக் காலம் அப்பிடி' என்று பெருமூச்சு விட்டுவிட்டுப் பேச்சை மாற்றுவார்கள். நான் சவளை எடுத்து உடைகல்லைப் பரப்பினேன். அவர் மட்டப்பலகையை வைத்தார். அன்றைக்கு அவர் மூன்று தரம் பார்த்தது எனக்கு எரிச்சல் தரவில்லை.

பிஸ்கற் பேணி

பொய் சொல்ல மாட்டேன் என்ற அந்த ஆள் அடுத்த சனிக்கிழமை பொய் சொன்னார்.

வாங்கின் கால்கற்களை இறக்க ஆயத்தமாக நின்றோம். சின்னராசா மாஸ்டர் தன் காரில் வந்து இறங்கினார். கையில் ஒரு பிஸ்கற் பேணி, பழைய தகர டப்பா. மூடியைச் சுற்றிப் பற்றவைத்திருந்தது.

"பேர் எல்லாம் பொலித்தீனிலை சுத்தி உள்ளுக்கை இருக்கு," என்றார். "வெளியிலை பேர் போடக் கூடாதெண்டுதான் கடிதம். நிலத்துக்குக் கீழை வைக்கக் கூடாதெண்டு ஒரு வரியும் இல்லை. அபியைக் கொண்டு மூண்டு தரம் வாசிப்பிச்சனான்."

கணக்கு மாஸ்டர் என்றால் சும்மாவா. எங்கே இடைவெளி இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார். அந்தப் பேணிக்குள் ஊரே இருந்தது, என் தம்பி இல்லை. அதை வாங்கின் கீழே வைத்து, அதன்மேல் கல்லை இறக்கப் போகிறவன் நான். சாகும்வரை ரவி இல்லாத பட்டியலின் மேல் இருந்துதான் நான் ரவிக்குச் சப்பாத்துக் கழற்ற வேண்டும்.

சீலன் பேணியை வாங்கித் தட்டிப் பார்த்தார்.

"இதை வைக்க ஏலாது, மாஸ்டர். உள்ளுக்கை வேர்த்துத் தண்ணி நிக்கும். தேலே வந்தால் இது பொருமி வாங்கைத் தூக்கிப் போடும்."

பொய். பச்சைப் பொய். உடைகல்லுக்குள் தண்ணீர் நிற்காது, நிற்காமல் இருக்கத்தான் முதுகு முறியத் தோண்டினோம். அந்தப் பேணி உறைந்தாலும் எதையும் தூக்காது. அப்படித் தூக்கினால் நான் இந்தத் தொழிலை விட்டுவிட்டு மறுபடி மீன் வெட்டப் போகலாம்.

மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். "தேவன், நீர் சொல்லும். கல்வேலை உமக்குத்தான் தெரியும்."

நான் பேணியைப் பார்த்தேன். அந்தப் பட்டியலின் முதல் பெயர் அவருடைய மகனின் பெயர். அதற்கு இந்த நாட்டில் வேறு இடம் இல்லை. அதுவும் எனக்குத் தெரியும்.

"ஓம் மாஸ்டர்," என்றேன். "தூக்கிப் போடும்."

அவர் பேணியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு காருக்குப் போனார். அதை முன் இருக்கையில் வைத்து, பெல்ட்டை இழுத்துப் போட்டுவிட்டதைக் கண்டேன்.

"ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?" என்று சீலனிடம் கேட்டேன்.

"கொஞ்சப் பேர் கீழை இருந்தால் மிச்சப் பேர் வெளியிலை நிக்க வேணும், அண்ணை. நான் கீறினது அப்பிடி இல்லை," என்றார்.

வீட்டுக்கு வந்து மலரிடம் சொன்னேன். என் பக்கம் நியாயம் என்று அவ சொல்லுவா என்று எதிர்பார்த்தேன். அவ ஒரு கேள்விதான் கேட்டா: "அந்த மனுசன்ரை முகத்தைப் பாத்துச் சொன்னீங்களோ, கல்லைப் பாத்துச் சொன்னீங்களோ?"

"கல்லைப் பாத்து."

"அப்ப உங்களுக்கே தெரியுது," என்றுவிட்டுக் கறியைக் கிளறினா.

காலுறைத் திருவிழா

கார்த்திகை மாதத்தில் ஒரு ஞாயிறு மதியம் திறப்புவிழா. முதல் நாள் மெல்லிய பனி விழுந்திருந்தது. தளத்தைக் கூட்டி வைத்திருந்தேன். மாஸ்டர் மூன்று பக்கத்தில் உரை எழுதிக்கொண்டு வந்திருந்தார். ஆனால் சீலனின் வாங்கு அந்த உரையைத் தோற்கடித்துவிட்டது.

வாங்கில் எட்டுப் பேர் இருக்கலாம். வந்ததோ பெருங்கூட்டம். எட்டு எட்டுப் பேராக இருந்து, குனிந்து, சப்பாத்தைக் கழற்றி, விளக்கை வைத்துவிட்டு வந்து, மறுபடி இருந்து கட்டி, அடுத்த எட்டுப் பேருக்கு இடம் விட வேண்டும். இதற்குள் யார் உரையைக் கேட்பது? தவிர, இறுகிய முடிச்சோடு மல்லுக்கட்டும்போது பக்கத்தில் இருப்பவரோடு கதைக்காமல் இருக்க முடியாது. வருடக்கணக்காக முகம் கொடுத்துப் பேசாத இரண்டு குடும்பம், ஒன்றின் காலுறை ஓட்டையைப் பார்த்து மற்றது சிரித்ததை என் கண்ணால் கண்டேன். பிள்ளைகள் யாருடைய காலுறை வடிவு என்று போட்டி வைத்தார்கள். மாஸ்டர் கொஞ்ச நேரம் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, அதை மடித்துப் பொக்கற்றில் வைத்தார்.

கடைசி எட்டில் நான் இருந்தேன். சீலன் முதலே வந்து இருந்தார். நான் அவருடைய வலது பக்கமாகப் போய் இருந்தேன். என் மறுபக்கத்தில், ஓரத்தில், மாஸ்டர் வந்து இருந்தார். எனக்கு அப்படியே எழும்பிப் போய்விட வேண்டும் போல இருந்தது. ஆனால் ஒரு சப்பாத்தை அவிழ்த்துவிட்டேன்.

அப்போது நாயோடு அந்த நோர்வே அம்மா வந்தார். கூட்டத்தைப் பார்த்துத் திகைத்துப்போய், தெரிந்த முகம் என்று என்னிடம் கேட்டார்: "இது யாருக்காக?"

போரில் இறந்தவர்களுக்கு என்று குழு எழுதி வைத்த விடை ஒன்று இருந்தது. மாஸ்டரின் மூன்று பக்கத்திலும் அதுதான் இருந்தது. என் வாயில் அது வரவில்லை.

"என் தம்பிக்கு," என்று நோர்வே மொழியில் சொன்னேன். எங்கள் ஆட்கள் நடுவில், எல்லோருக்கும் கேட்க, நான் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்த அம்மா தலையசைத்துவிட்டு, நாயை இழுத்துக்கொண்டு கணவரிடம் போனார்.

மாஸ்டர் குனிந்து தன் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நிமிராமலே மெல்லக் கதைத்தார்.

"அந்தப் பேணி இந்த வாங்கைத் தூக்காது, தேவன். வீட்டை போய்க் கணக்குப் போட்டுப் பாத்தனான். ரெண்டு தரம்."

மறுபக்கத்தில் சீலன் அசையாமல் இருந்தார். அவருடைய நல்ல காது எங்கள் பக்கம்தான் இருந்தது.

"பேந்து ஏன் மாஸ்டர் ஒண்டும் சொல்லேல்லை?"

அவர் ஒரு சப்பாத்தைக் கழற்றி வாங்கின் கீழே வைத்தார். மற்றதையும் கழற்றி அதன் பக்கத்தில் சோடியாக வைத்தார்.

"உம்மடை தம்பிக்கு என்ன பேர்?" என்று கேட்டார்.

பெயர் அவருக்குத் தெரியும். ரவிக்குப் பத்தாம் வகுப்பு வரை கணக்குப் படிப்பித்தவரே அவர்தான். தேற்றம் ஒன்றை மறந்ததற்காக அவனை வாங்கின் மேல் ஏற்றி விட்டவரும் அவர்தான். எங்கள் வீட்டில் இருந்து கலண்டரை வாசித்த அன்றைக்கும் அவருக்கு அது தெரியும். அன்றைக்குக் கேட்காததை இன்றைக்குக் கேட்கிறார் என்று எனக்கு விளங்கியது.

"ரவி," என்றேன். "ரவீந்திரன்."

"ரவீந்திரன்," என்றார் மாஸ்டர். காலையில் வகுப்பு இடாப்பை வைத்து வரவுக்குப் பெயர் கூப்பிடும் அதே குரல்.

அவனுக்காக நான்தான் சொல்ல வேண்டும். "ஓம் சேர்," என்றேன்.

"உங்கடை மகனுக்கு?" என்று கேட்டேன்.

"செல்வகுமார்," என்றார். அதுவும் அதே குரலில்தான் வந்தது, கடைசி எழுத்து மட்டும் கேட்கவில்லை.

செல்வகுமாருக்காகப் பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை என்றுதான் நினைத்தேன். என் இடது பக்கத்திலிருந்து சீலன் சொன்னார்: "ஓம் சேர்."

பிறகு மூன்று பேரும் எழும்பி, காலுறையோடு தளத்துக்குப் போய் விளக்கு வைத்தோம். கல் நன்றாகக் குளிர்ந்தது. ஆனால் எங்கேயும் ஒரு கோணலும் இல்லை.